பல்லுக்குக் கட்டும் கம்பி வந்த வழி

வரிசை தவறிய பற்களுக்கு டாக்டர் முதன்முதலில் கட்டும் கம்பி மிகவும் மெல்லியது. பெரும்பாலும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினான்கு பங்குதான் அதன் கனம். மில்லிமீட்டரில் சொன்னால் 0.36. லாடம் போல வளைந்த வடிவில், காகித உறைக்குள் வரும். விரலால் அழுத்தினால் இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். விட்டதும் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையின் தெத்துப்பல்லை வரிசைக்கு இழுத்து வருவது கம்பியின் இந்தப் பிடிவாதம்தான்.

"கிளிப் போடுவது" என்றும் "கம்பி கட்டுவது" என்றும் நம் வீடுகளில் சொல்கிறோம். கம்பி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது வந்த வழி நீளமானது. அந்த வழியின் கடைசித் துண்டு தருமபுரி மாவட்டத்தின் தண்ணீருக்குள் புகுந்து செல்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பல்லை இழுத்துக் கட்டும் யோசனை பழையது. 1728இல் பாரிஸில் பியர் ஃபோஷார் எழுதிய பல் மருத்துவ நூலிலேயே உலோகப் பட்டையை வைத்து நூலால் பற்களைக் கட்டும் முறை இருக்கிறது. அதை ஒரு தனி மருத்துவத் துறையாக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இதற்கென்றே பள்ளி தொடங்கினார். ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிறு கொக்கி, கொக்கியின் நடுவே செவ்வகக் காடி, காடிக்குள் கம்பி என்று இன்று நாம் பார்க்கும் அமைப்பு அவர் 1928இல் வெளியிட்டதன் தொடர்ச்சி. அந்தக் காலத்தில் கம்பி தங்கக் கலவையில் செய்யப்பட்டது. யாரால் கட்டிக்கொள்ள முடிந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 1930களில் துருப்பிடிக்காத எஃகு வந்தது. விலை இறங்கியது.

எஃகுக் கம்பி இந்தியாவுக்கு வந்த பாதையில் ஆஸ்திரேலியா ஒரு முக்கியமான நிறுத்தம். ஆங்கிளிடம் படித்துவிட்டு அடிலெய்டுக்குத் திரும்பிய ரேமண்ட் பெக், கனமான கம்பி வேண்டாம், மெல்லிய வட்டக் கம்பியால் மென்மையாக இழுத்தால் போதும் என்றார். அதற்கேற்ற கம்பியை ஏ.ஜே. வில்காக் என்ற உலோகவியலாளர் அவருக்கு உருவாக்கிக் கொடுத்தார். நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் வெகுகாலம் 'பெக் முறை'யே செல்வாக்கோடு இருந்தது. வயதில் மூத்த நிபுணர்கள் பலருக்குக் கை பழகியது அந்த ஆஸ்திரேலியக் கம்பியில்தான்.

எஃகுக்கு ஒரு குணம் உண்டு. அதிகம் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். கோணல் மாணலாக முளைத்த பற்களின் மேல் அதை நேராகக் கட்ட முடியாது. பல்லுக்குப் பல் சிறு வளையங்கள் போட்டு, இடுக்கியால் முறுக்கி முறுக்கித்தான் கட்ட வேண்டும். கட்டிய அன்று வலி கடுமையாக இருக்கும். சில நாளில் இழுவிசை தளர்ந்துவிடும். திரும்பவும் போக வேண்டும், திரும்பவும் முறுக்க வேண்டும்.

இதை மாற்றிய உலோகம் பல்லுக்காகப் பிறந்ததே அல்ல.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள கடற்படை ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர், ஏவுகணையின் முனைக்கு ஏற்ற, சூட்டையும் அடியையும் தாங்கும் உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலையும் டைட்டானியத்தையும் சேர்த்து உருக்கிக் கட்டைகளாக வார்த்தார். ஆறிப்போன கட்டை ஒன்றைச் சிமென்ட் தரையில் போட்டபோது தொப்பென்று மந்தமாக விழுந்தது. இன்னும் சூடு ஆறாத கட்டையைப் போட்டார், கணீரென்று ஒலித்தது. ஒரே கலவை, ஒரே உலை, ஆனால் இரண்டு குரல். சூடான கட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த குடிநீர்க் குழாய்க்கு ஓடி அதைக் குளிர வைத்து மறுபடி போட்டார். அதுவும் தொப்பென்றது. வெப்பம் ஏறி இறங்கும்போது இந்த உலோகத்துக்குள் அணுக்களின் அடுக்கே மாறுகிறது என்று பியூலர் புரிந்துகொண்டார். கீழே விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டதற்காகவே இந்த மனிதரை நான் மதிக்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் அதே ஆய்வுக்கூடத்தில் ஒரு கூட்டம். மடிப்பு மடிப்பாக வளைத்த நிக்கல்-டைட்டானியத் தகடு ஒன்று கைக்குக் கை மாறியது. எத்தனை முறை வளைத்தாலும் உடையாது என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்தது அது. கூட்டத்தில் இருந்த டேவிட் மசி என்பவர் தன்னுடைய லைட்டரை அதன் அடியில் பிடித்தார். மடிப்புகள் எல்லாம் தாமாகவே நீண்டு தகடு நேராகிவிட்டது. தன் பழைய வடிவத்தை அது நினைவில் வைத்திருந்தது. நிக்கல், டைட்டானியம், அந்த ஆய்வுக்கூடத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும் சேர்த்து அதற்கு 'நிட்டினால்' என்று பெயர் வைத்தார்கள்.

இதில் பல் வரிசையைக் கண்டவர் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன். 1970களின் தொடக்கத்தில் அவர் இந்தக் கம்பியைப் பல் சீரமைப்பில் சோதித்து எழுதினார். அடுத்து யுனிடெக் நிறுவனம் கம்பியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980களின் நடுவில் சீனாவிலும் ஜப்பானிலும் இன்னும் மென்மையான வகைகள் வந்தன. எவ்வளவு வளைத்தாலும் ஏறக்குறைய ஒரே சீரான, சிறிய விசையோடு இழுக்கும் கம்பி கிடைத்தது. வலி குறைந்தது, டாக்டரிடம் போகும் இடைவெளி நீண்டது.

டைட்டானியம் நமக்கு அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது இருக்கிறது. உலகில் தோண்டும் டைட்டானியத் தாதில் பெரும்பங்கு உலோகமாவதில்லை. வெள்ளை நிறமியாகிப் பெயின்டிலும் சில பற்பசைகளிலும் சேர்கிறது. பல் தேய்க்கும் பசையில் வெள்ளையாக இருப்பதும், பல்லை இழுக்கும் கம்பியில் இருப்பதும் ஒரே தனிமம்.

கம்பி தயார். அதைப் பல்லோடு எப்படிச் சேர்ப்பது? முன்பு ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஓர் உலோக வளையம் மாட்டி, வளையத்தில் கொக்கியைப் பற்றவைத்தார்கள். வாய் முழுக்க உலோகம் தெரியும். 1955இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் மைக்கேல் புனக்கோர் வேறு வழி சொன்னார். உலோகத் தகட்டில் பெயின்ட் ஒட்ட வேண்டும் என்றால் முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவது தொழிற்சாலைகளில் வழக்கம். அதையே அவர் பல்லில் செய்து பார்த்தார். எனாமலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்தன. பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. இன்று டாக்டர் நீல நிறக் கூழ் ஒன்றை முன்பல்லில் தடவி, அரை நிமிடத்தில் கழுவி, ஊதி உலர்த்தி, கொக்கியை ஒட்டி, நீல ஒளி காட்டுகிறாரே, அத்தனையும் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள்.

இத்தனை தூரம் வந்த கம்பி தருமபுரிப் பல்லில்தான் ஒரு தடங்கலைச் சந்திக்கிறது.

பாப்பாரப்பட்டியை வெளியூர்க்காரர்கள் சுப்பிரமணிய சிவா வாழ்ந்து 1925இல் மறைந்த ஊராக அறிவார்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: தண்ணீர். பென்னாகரம் வட்டாரத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கிக் காலம் காலமாகத் தங்கும்போது கனிமங்களில் உள்ள ஃப்ளோரைடு அதில் கரைகிறது. கிணறுகள் வற்றி, போர் ஆழமாக இறங்க இறங்க, அந்தத் தண்ணீர்தான் குடத்துக்கு வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை குடிக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் எத்தனையோ போர்கள் அந்த அளவைத் தாண்டியவை.

பல்லில் இது செய்வதை உலகம் முதலில் கவனித்தது அமெரிக்காவில். 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்ய வந்த பிரெடெரிக் மெக்கே என்ற பல் டாக்டர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் காவிக் கறை இருப்பதைக் கண்டு காரணம் தேட ஆரம்பித்தார். முப்பது வருடம் கழித்து, 1931இல், தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடுதான் என்று உறுதியானது. நம் பக்கம் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், எச்.ஈ. ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஃப்ளோரைடு எலும்பு வரை புகுந்து முடக்குவதைப் பதிவு செய்தார்கள்.

முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அப்போது பிள்ளை குடித்த தண்ணீர் பல்லில் பதிந்துவிடுகிறது. பிற்பாடு எந்தப் பசை போட்டுத் தேய்த்தாலும் போகாது. செங்கல் பொடியும் சாம்பலும் எனாமலைத் தேய்க்குமே தவிரக் கறையைத் தொடாது. இந்தக் கறையை அழுக்கு என்று எண்ணிப் பிள்ளைகளைத் திட்டுவதும், பெண் பார்க்கும் இடத்தில் வாயை மூடிக்கொண்டே அவர்கள் பேசுவதும் இந்த மாவட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த துக்கம். பல் தேய்க்காததால் வந்த கறை அல்ல அது. அரசு சரியான குடிநீர் தராத காலத்தின் கறை.

அந்தப் பல்லின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் இளகுவதில்லை. கறை லேசாக இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. முற்றிய பல்லில் வழக்கமான நேரம் அமிலம் வைத்தால் குழிகள் போதுமான அளவு விழாது. பிசின் சரியாகப் பிடிக்காது. கொக்கி கழன்று விழும். விஷயம் தெரிந்த டாக்டர் அமிலத்தைக் கூடுதல் நேரம் வைப்பார், அல்லது மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கிக்கொள்வார். தெரியாதவர், "பாப்பா எதையோ கடிச்சிருக்கு" என்று பிள்ளை மேல் பழி போடுவார்.

காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து இந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேறி, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பும் உண்டு. 2013க்குப் பிறகு பிறந்து ஒகேனக்கல் தண்ணீரையே குடித்து வளர்ந்த பிள்ளைகள் இப்போதுதான் கம்பி கட்டும் வயதுக்கு வருகிறார்கள். அதே தெருவில், குழாய் வராத நாளெல்லாம் போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு வாய்க்கும் ஒரே மாதிரி வேலை செய்ய முடியாது. எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தாய் என்று கேட்கத் தெரிந்த டாக்டர் இங்கே வேண்டும்.

தருமபுரியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கம்பி கட்டும்போது அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொக்கிகள் ஒட்டி முடிந்திருந்தன. கம்பியை ஒவ்வொரு காடியிலும் அழுத்தி, சிறு ரப்பர் வளையத்தால் பூட்டிக்கொண்டே வந்தார் டாக்டர். "எந்தக் கலர் வேணும் கண்ணு?" என்று உதவியாளர் வளையங்கள் கோத்த குச்சிகளை நீட்டினார். அந்தப் பெண் பிள்ளை வெகுநேரம் யோசித்து மயில் நீலத்தைத் தொட்டுக் காட்டினாள். வெளியே துருத்தி நின்ற கோரைப்பல்லில் கம்பி மாட்டியதும் அது நன்றாக வளைந்து நின்றது. அந்த வளைவுதான் இனி இழுக்கப் போகும் விசை. கம்பியின் நுனியை மட்டும் முன்கூட்டியே நெருப்பில் காட்டியிருந்தார்கள். சூடு பட்ட இடம் தன் நினைவை இழந்துவிடும், மடக்கினால் மடங்கி நிற்கும். இல்லாவிட்டால் நுனி கன்னத்தைக் குத்தும். ஏவுகணைக்காகத் தேடிய உலோகத்துக்கு மறதி கொடுக்க ஒரு சின்னத் தீச்சுடர் போதுமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இன்னொரு பிள்ளைக்கு ஆலோசனை நடந்துகொண்டிருந்தது. "நல்ல பல்லை எதுக்குங்க சார் புடுங்கணும்?" என்று அம்மா கலங்கிப்போய்க் கேட்டார். "பன்னெண்டு பேர் உக்கார்ற பெஞ்சுல பதினாலு பேரை உக்கார வெச்சா எப்படீங்கம்மா? ரெண்டு பேர் எந்திரிச்சாத்தான் மத்தவங்க நேரா உக்காருவாங்க" என்றார் டாக்டர். எல்லாப் பிள்ளைகளுக்கும் பல் எடுக்கத் தேவையில்லை. எக்ஸ்ரேயும் அச்சும் எடுத்துத் தாடையில் இடத்தை அளந்த பிறகே அதை முடிவு செய்ய வேண்டும். அளக்காமல் முதல் நாளே "நாலு பல் எடுத்துடலாம்" என்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம்.

கம்பி இழுப்பது பல்லை மட்டுமல்ல. பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. பல் அழுந்தும் பக்கம் எலும்பு கரைகிறது, விலகும் பக்கம் புது எலும்பு உண்டாகிறது. அதனால் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் வேருக்குக் கேடு. முதலில் கட்டிய மெல்லிய கம்பிக்குப் பிறகு இன்னும் கனமான கம்பி, அப்புறம் செவ்வகக் கம்பி, கடைசியில் இடைவெளியை மூட எஃகுக் கம்பி என்று ஒன்றரை இரண்டு வருடம் ஓடிவிடும். கழற்றிய கம்பி கூர்மையான கழிவுகளுக்கான டப்பாவில் விழும். அதன் வேலை முடிந்தது.

இந்த இரண்டு வருடத்தில் கம்பிக்கு வரும் சிக்கல்களைப் பாருங்கள். வறுத்த புளியங்கொட்டை, கரும்பு, கடலை உருண்டை, எலும்புக் கடி, எல்லாமே கொக்கியைப் பெயர்க்கும். மாங்காயை நேராகக் கடிக்கக் கூடாது, அரிந்துதான் தின்ன வேண்டும். நம் ஊர்க் களி இதற்கென்றே செய்த சாப்பாடு. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் பிள்ளை என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கவரிங்கில் உறுத்தும் நிக்கல் இந்தக் கம்பியிலும் உண்டு. கொக்கியைச் சுற்றிச் சோறு தங்கும். தேய்க்காமல் விட்டால் கம்பி கழற்றும் நாளில் சுண்ணாம்பு நிறத் தழும்புகள் மிஞ்சும். தண்ணீரில் ஏற்கெனவே ஃப்ளோரைடு இருக்கிறதே என்று பற்பசையை நீங்களாக மாற்ற வேண்டாம், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கம்பி நுனி விலகிக் கன்னத்தைக் குத்தும். அப்போது சேலத்திலோ பெங்களூரிலோ இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியால் என்ன செய்ய முடியும்? மெழுகை உருட்டி நுனியில் அப்பச் சொல்லி, மறுநாள் காலையில் கதவைத் திறந்து நுனியை வெட்டிவிடும் பக்கத்து ஊர்ப் பல் டாக்டர்தான் அந்த நேரத்துக்கு உதவுவார். பல் சீரமைப்பு ஒருநாள் ஆபரேஷன் அல்ல. இருபது தடவைக்கு மேல் போய்வரும் உறவு. பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரிக்கே பஸ்ஸில் அரை மணிக்கு மேல் ஆகிறது. கூலி வேலையை விட்டு அம்மாவோ அப்பாவோ கூட வர வேண்டும். தூரம் கூடக் கூட நடுவில் விட்டுவிடும் குடும்பங்கள் கூடும். பாதியில் விட்ட கம்பி, கட்டாத கம்பியைவிட மோசம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: கம்பியின் பிராண்டைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள். குடும்பம் முழுக்கப் பல் காட்டும் ஒரு டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும். அவர் பி.டி.எஸ். படித்தவராக, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருந்தால் போதும். கம்பி கட்டுவதற்கு மட்டும், அதற்கு மேல் மூன்று ஆண்டு பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவர் வேண்டும். சின்ன ஊர்களில் இப்படிப்பட்ட நிபுணர் மாதத்தில் சில நாட்கள் வந்துபோகும் கிளினிக்குகள் உண்டு. அதில் குற்றமில்லை. ஆனால் அவர் வராத நாட்களில் யார் பொறுப்பு, அவர் வருவது நின்றுவிட்டால் பிள்ளையின் கதி என்ன என்பதைத் தவணை கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். எக்ஸ்ரே, பல் அச்சு, முகப் படங்கள் உங்கள் கைக்கும் ஒரு பிரதி வரட்டும். கேட்டால் முகம் சுளிக்காதவர்தான் உங்கள் டாக்டர்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் நடக்கிறது. அங்கே நல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள், செலவும் குறைவு. ஆனால் முந்நூறு கிலோமீட்டர் தாண்டி மாதா மாதம் யார் போய்வருவது? மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் பல் சீரமைப்பு நிபுணர் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். தண்ணீரால் பல் கெட்ட மாவட்டங்களுக்கு அது முதலில் வர வேண்டும். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருவது தடைபடும் ஒவ்வொரு வாரமும், இன்னும் பேசப் பழகாத ஒரு குழந்தையின் முன்பல்லில் எழுதப்படுகிறது என்பதை அதிகாரிகள் நினைவில் வைக்கட்டும்.

வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளை இருந்தால், பாற்பல் விழுந்து முன்பல் முளைத்ததும் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்போதே கம்பி கட்டச் சொல்ல மாட்டார்கள். எப்போது கட்ட வேண்டும், கட்டத்தான் வேண்டுமா என்று தெரிந்துவிடும். கம்பி கழற்றிய பிறகு கொடுக்கும் ரிடெய்னரைப் பிள்ளை ராத்திரியில் தவறாமல் போடுகிறதா என்றும் பாருங்கள். போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.